கலமும் களமும்: வெப்ப எண்ணெய்த் தொட்டியின் அறிவியல்

வட அயர்லாந்தின் வீடுகளில் பெரும்பான்மையானவை குளிர்காலத்தைக் கடப்பது, தோட்டத்து மூலையில் நிற்கும் ஓர் எண்ணெய்த் தொட்டியின் துணையால்தான். நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரித்துக் குழாய்வழி வழங்கிவந்த பழைய வாயு நிலையங்கள் அங்கு 1980களில் மூடப்பட்டன. ஸ்காட்லாந்திலிருந்து கடலடிக் குழாய் மூலம் இயற்கை எரிவாயு வந்துசேர்ந்ததோ 1996இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் நகரத்தாரும் சிற்றூராரும் எண்ணெயில் எரியும் கொதிகலன்களுக்கு மாறிவிட்டனர். எரிவாயுக் குழாய் எட்டாத இடங்களில் அந்த ஏற்பாடே இன்றுவரை நிலைத்திருக்கிறது. கொதிகலன் எண்ணெயை எரித்து நீரைச் சூடாக்குகிறது; அந்த நீர் குழாய்கள் வழியே ஒவ்வோர் அறையிலும் உள்ள இரும்பு வெப்பப் பலகைகளுக்குள் சுற்றிவந்து அறையைச் சூடாக்குகிறது. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய எரிபொருளில் பெரும்பகுதியை ஒரு குடும்பம் தன் வீட்டு வளாகத்துக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ள வேண்டியிருப்பது இந்த ஏற்பாட்டின் தனித்தன்மை. இந்த அத்தியாயம் ஆராய்வதும் அதைத்தான்.

அங்கு எரிக்கப்படுவது, தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு அளந்து ஊற்றப்பட்ட அதே மண்ணெண்ணெய்தான். ஒரு லிட்டரின் நிறை ஏறத்தாழ 0.8 கிலோகிராம், அதை முழுமையாக எரித்தால் சற்றேறக்குறைய 10.3 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும். வணிகர்கள் இதை ‘28 நொடி எண்ணெய்’ என்று குறிப்பிடுகிறார்கள். ரெட்வுட் என்னும் பழைய பாகுமானியின் சிறு துளை வழியே 50 மில்லிலிட்டர் எண்ணெய் வடிந்து முடிய எத்தனை நொடி ஆகிறது என்பதே அந்த எண். பாகுத்தன்மை, அதாவது ஓட்டத்துக்கு நீர்மம் காட்டும் எதிர்ப்பு, குறைவாக இருந்தால் நொடிகளும் குறைவு. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் புழங்கும் ‘2ஆம் எண்’ வெப்ப எண்ணெய் இதைவிடக் கனமானது, டீசலுக்கு நெருங்கிய உறவு. அதில் கரைந்திருக்கும் மெழுகு போன்ற பாரஃபின்கள், வெப்பநிலை உறைநிலைக்குச் சில பாகைகள் கீழே இறங்கியதுமே படிகங்களாகப் பிரிந்து வடிகட்டியை அடைக்கத் தொடங்கிவிடும். ஆகவேதான் மெயின், மாசசூசெட்ஸ் போன்ற கடுங்குளிர் மாநிலங்களில் தொட்டி வீட்டின் நிலவறைக்குள் ஒதுங்கியது. வெளியில் வைக்க நேர்ந்தவர்கள் எண்ணெயோடு மண்ணெண்ணெயைக் கலந்துகொண்டார்கள். எளிதில் மெழுகு கட்டாத மண்ணெண்ணெயை எரிக்கும் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் தொட்டி திறந்தவெளியில் அச்சமின்றி நிற்க முடிந்தது. தொட்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தது எண்ணெயின் வேதியியலே.

தொட்டி வாங்க முனைவோர் பெரும்பாலும் கொள்ளளவையும் விலையையும் கேட்டுவிட்டு, இடத்தைக் கடைசியில், எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே என்று முடிவு செய்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. எந்தத் தொட்டியும் தன் ஆயுளுக்குள் ஒருமுறையாவது கசியலாம், வழியலாம், அதன் குழாய் முறியலாம் என்று வைத்துக்கொண்டு, அப்போது எண்ணெய் எந்த வழியாக எங்கே போகும் என்பதை முதலில் கேட்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் விடையே எந்த வகைத் தொட்டி தேவை என்பதையும் பெருமளவு தீர்மானித்துவிடும்.

கொள்ளளவைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஆண்டுக்கு 14,000 கிலோவாட் மணி வெப்பம் தேவைப்படும் ஒரு வீட்டில், கொதிகலன் எண்ணெயின் ஆற்றலில் 90 விழுக்காட்டைப் பயனுள்ள வெப்பமாக்குமானால், ஏறத்தாழ 1,500 லிட்டர் செலவாகும். எனவே 1,000 முதல் 1,300 லிட்டர் வரையிலான தொட்டியே பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானது. பனியில் சாலை அடைபடக்கூடிய மலைப்பகுதி வீட்டுக்குச் சற்றுப் பெரிய தொட்டி பொருத்தம். மொத்தமாக வாங்கும்போது விலையும் இறங்கும். ஆனால் பெரிய தொட்டியை நிரப்பப் பணம் இல்லாத குடும்பங்கள் உண்டு என்பதையும், வட அயர்லாந்தில் 20 லிட்டர் கேன்களில் எண்ணெய் வாங்கிவந்து தொட்டியில் ஊற்றிக் குளிரைச் சமாளிக்கும் வீடுகள் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்களுக்குப் பெரிய தொட்டி நன்மை எதுவும் செய்வதில்லை, ஏனெனில் எப்போதும் பெரும்பகுதி காலியாக இருக்கும் தொட்டியில்தான் அடுத்துச் சொல்லப்போகும் தொல்லை மிகுதி.

தொட்டியின் ஆயுளைத் தின்பது தண்ணீர். கொதிகலன் எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்தை நிரப்பக் காற்றுப்போக்குக் குழாய் வழியே வெளிக்காற்று உள்ளே வருகிறது; அந்தக் காற்றோடு ஈரப்பதமும் வருகிறது. பகலில் வெயில்பட்டுத் தொட்டி விரியும்போது காற்று வெளியேறுவதும் இரவில் குளிரும்போது மீண்டும் உள்ளே நுழைவதுமாக இந்த மூச்சு ஆண்டு முழுவதும் நடக்கிறது. இரவுக் குளிரில் தொட்டியின் மேற்சுவர் வெப்பத்தை இழந்ததும், காற்றிலுள்ள நீராவி அதன் உட்பரப்பில் துளிகளாகப் படிந்து கீழே வழிகிறது. எண்ணெயைவிட நீரின் அடர்த்தி அதிகம் என்பதால் அது அடியில் போய்த் தங்கிவிடுகிறது. ஒருமுறை அங்கே சேர்ந்த நீர் தானாக வெளியேற வழியில்லை. தொட்டிக்குள் காலியிடம் அதிகமாக இருந்தால் உள்ளே வரும் காற்றும் அதிகம், அது விட்டுச்செல்லும் நீரும் அதிகம்.

அடியில் நீரும் அதன்மேல் எண்ணெயும் சந்திக்கும் மெல்லிய எல்லையில் நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன. அவற்றுக்கு ஈரம் நீரிலிருந்தும் உணவு எண்ணெயிலிருந்தும் கிடைக்கின்றன. இவற்றுள் மிகவும் அறியப்பட்டது ஹார்மோகோனிஸ் ரெசினே என்னும் பூஞ்சை. மண்ணெண்ணெயோடு நெருங்கிய உறவுடைய விமான எரிபொருளிலும் இது வளர்ந்து, விமானத் தொட்டிகளின் அலுமினியத்தை அரித்ததால் பொறியாளர்களின் கவனத்துக்கு வந்தது. பூஞ்சையும் பாக்டீரியாக்களும் பழுப்பு நிறச் சேறாகத் திரண்டு வடிகட்டியை அடைப்பதோடு, கரிம அமிலங்களையும் வெளியிடுகின்றன. எஃகுத் தொட்டியின் அடித்தகடு அந்த அமிலநீரில் ஊறிக்கிடக்கும்போது அரிப்பு பரவலாக நிகழாமல் ஆங்காங்கே ஊசிமுனை அளவுக் குழிகளாகத் தோண்டிக்கொண்டு போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புதுச்சாயம் பூசிய தொட்டி பளபளப்பாகத் தெரியும். உள்ளேயிருந்து வெளிநோக்கி வந்துகொண்டிருக்கும் துளை, ஒருநாள் கசியும் வரை கண்ணில் படாது. எஃகுத் தொட்டியை மட்டமாக வைக்காமல், எண்ணெய் வெளியேறும் முனைக்கு எதிர்ப்பக்கம் சற்றே சாய்வாக நிறுத்தி, அங்கே ஒரு கழிவு வால்வு பொருத்தும் பழைய வழக்கம் இந்த நீரை அவ்வப்போது வடித்துவிடுவதற்காகவே ஏற்பட்டது. பிளாஸ்டிக் தொட்டி துருப்பிடிக்காது என்றாலும் அதன் அடியிலும் நீர் சேரத்தான் செய்யும். கடும் உறைபனி இரவில் அந்த நீர் வெளியேற்று முனையில் பனிக்கட்டியாகி எண்ணெய் ஓட்டத்தையே நிறுத்திவிடுவது, வெப்பம் மிகத் தேவைப்படும் நாளில் வீடு குளிர்ந்து போவதற்கு ஒரு வழக்கமான காரணம்.

இன்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நிறுவப்படும் தொட்டிகளில் மிகப் பல பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பிளாஸ்டிக் தூளை ஓர் உலோக அச்சுக்குள் இட்டு, அந்த அச்சை இரு சுழலச்சுகளின்மீது ஒரே நேரத்தில் சுழற்றிக்கொண்டே உலையில் சூடாக்கினால், தூள் உருகி உட்சுவர் முழுவதும் படலமாகப் படிகிறது. குளிர்ந்ததும் அச்சைப் பிரித்தால் எங்குமே ஒட்டு இல்லாத, உள்ளீடற்ற ஒரு கலம் கிடைக்கிறது. ஒட்டு இல்லை என்பது பெரிய நன்மை. எஃகுக்கு இல்லாத இரண்டு பலவீனங்கள் இதற்கு உண்டு. சூரியனின் புறஊதாக் கதிர்கள் பாலிஎத்திலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்குகின்றன. அதைத் தாமதப்படுத்தத் தூளிலேயே காப்புப் பொருள்கள் கலக்கப்பட்டாலும், தடுத்துவிட முடியாது. மற்றொன்று, தகைவு ஒரே இடத்தில் குவியும்போது, அதாவது சுவரின் ஒரு சிறு பகுதி மட்டும் தொடர்ந்து இழுபட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் மெதுவாக விரிசல் வளர்கிறது. வெளுத்துப்போன நிறம், உப்பிய பக்கச் சுவர், மூலைகளில் மயிரிழைக் கோடுகள் ஆகியவை தொட்டி தன் இறுதிக்காலத்தை நெருங்கிவிட்டதற்கான அறிகுறிகள். அந்தக் கட்டத்தில் ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுவது வீண்.

தகைவு குவிவதற்குப் பெரும்பாலும் காரணமாவது அடித்தளம். 1,000 லிட்டர் மண்ணெண்ணெய் 800 கிலோ எடையுள்ளது. அந்த எடை அடிப்பரப்பு முழுவதும் சீராகப் பரவினால் பிளாஸ்டிக்குக்கு அது சுமையே அல்ல. இரண்டு செங்கல் தூண்களின்மேல் தொட்டியை வைத்தாலோ, ஒரு பக்கம் மண் இறங்கித் தளம் சாய்ந்தாலோ, ஒரு விளிம்பு தளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தாலோ, அதே எடை சில கோடுகளில் குவிந்துவிடுகிறது. எஃகுத் தொட்டி தூண்களைப் பொறுத்துக்கொள்ளும். பழைய எஃகுத் தொட்டியை எடுத்துவிட்டு அதே தூண்களின்மேல் புதிய பிளாஸ்டிக் தொட்டியை ஏற்றுவது பிற்காலத்துக் கசிவை இன்றே உறுதிசெய்து வைப்பதாகும். இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான ‘ஜே’ வழிகாட்டி ஆவணமும் அதையொட்டிய தொழில்நெறிகளும் கான்கிரீட்டோ கற்பலகையோ போன்ற எரியாத பொருளால் ஆன தளத்தைக் கோருகின்றன. அது தொட்டியின் எல்லாப் பக்கங்களிலும் 300 மி.மீ. வெளியே நீண்டிருக்க வேண்டும். இந்த நீட்சி எடையைத் தாங்குவதற்காக அன்று. புல்லும் சருகும் தொட்டியை ஒட்டி வளர்ந்து, தரையோடு ஊரும் நெருப்புக்குப் பாலமாகிவிடாதிருப்பதற்காக.

நெருப்பைப் பற்றிப் பொதுவாக நிலவும் அச்சம் தவறான திசையில் இருக்கிறது. மண்ணெண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது அதன் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவி ஒரு பொறிபட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குத் திரளும் வெப்பநிலை, 38 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று தரவிதி கூறுகிறது; வட அட்லாண்டிக் தட்பவெப்பத்தில் தொட்டி தானாக அந்நிலையை எட்டுவது மிக அரிது. உண்மையான ஆபத்து, வீட்டில் பிடித்த தீ தொட்டியை அடைவதுதான். பாலிஎத்திலீன் நூற்றுச் சில பாகைகளிலேயே இளகி உருகிவிடும். அப்போது உள்ளிருக்கும் நூற்றுக்கணக்கான லிட்டர் எரிபொருளும் தீயோடு சேர்ந்துவிடும். ஆகையால்தான் கட்டடத்திலிருந்தும் அதன் கதவு, சன்னல், கொதிகலனின் புகைப்போக்கி ஆகியவற்றிலிருந்தும் 1.8 மீட்டரும், மரவேலி போன்ற எல்லையிலிருந்து 760 மி.மீட்டரும் தள்ளி வைக்குமாறு விதிகள் சொல்கின்றன. இடம் போதாத வீடுகளில், அரைமணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்புச் சுவர் ஒன்றைத் தொட்டியைவிட 300 மி.மீ. உயரமாகவும் அகலமாகவும் எழுப்பி இந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

நெருப்பைவிடப் பன்மடங்கு அதிகமாக நிகழ்வதும், இழப்பில் பல வேளைகளில் அதற்கு ஈடாக நிற்பதும் மண்ணுக்குள் இறங்கும் கசிவு. சிந்திய மண்ணெண்ணெய் மணற்பாங்கான நிலத்தில் விரைந்து கீழே இறங்குகிறது. போகும் வழியிலுள்ள ஒவ்வொரு துகளிடைவெளியிலும் நுண்புழை ஈர்ப்பால் சிறிதளவு சிக்கிக்கொள்ள, மீதி நிலத்தடி நீர்மட்டத்தை அடைகிறது. நீரைவிட இலேசானது என்பதால் அது அங்கே மூழ்காமல் நீரின்மேல் ஓர் ஏடாகப் படர்கிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது ஏடும் உயர்ந்து, கோடையில் இறங்கும்போது கூடவே இறங்கி, ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ தடிப்புள்ள மண் அடுக்கு முழுவதையும் எண்ணெயால் பூசிவிடுகிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் இந்த எண்ணெயைச் சிதைக்கும் திறமுடையவைதாம். அதற்கு அவற்றுக்கு உயிர்வளி வேண்டும், வீட்டுத் தளத்துக்கு அடியிலோ அது அரிது. அங்கே சிக்கிய எண்ணெயின் ஆவி தரைப் பலகைகளின் இடுக்கு வழியே அறைகளுக்குள் எழுந்து, குடியிருப்போரை வீட்டைவிட்டே வெளியேறச் செய்யும் அளவுக்கு நாற்றத்தைப் பரப்புகிறது. மண்ணைத் தோண்டி அகற்றுவதும், சில இடங்களில் அடித்தளத்துக்குத் தாங்கு கொடுத்துக்கொண்டு அதன் கீழேயே தோண்டுவதும்தான் அப்போது எஞ்சும் வழி. பத்தாயிரக்கணக்கான பவுண்டு செலவு பிடிக்கும் வேலை அது.

குடிநீர்க் குழாயின் நிலை இன்னும் நுட்பமானது. தெருவிலிருந்து வீட்டுக்கு நீர் கொண்டுவரும் நிலத்தடிக் குழாய் இப்போது பல இடங்களில் பாலிஎத்திலீனால் ஆனது. தொட்டியின் தடித்த சுவரில் எண்ணெயை ஆண்டுக்கணக்கில் தாங்கி நிற்கும் அதே பொருள், மெல்லிய குழாயாக எண்ணெயில் ஊறிய மண்ணில் கிடக்கும்போது வேறு முகம் காட்டுகிறது. ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகள் பாலிஎத்திலீன் சங்கிலிகளின் இடையே மெதுவாகக் கரைந்து ஊடுருவி, மறுபக்கம் ஓடும் குடிநீரை அடைகின்றன. குழாயில் துளையோ விரிசலோ எதுவும் இருக்காது. ஆயினும் சமையலறையில் திறக்கும் தண்ணீர் மண்ணெண்ணெய் வாடையோடு வரும். எனவே நீர்க் குழாய் செல்லும் தடத்தின் மேலேயோ அதை ஒட்டியோ தொட்டியை அமைக்காதிருப்பது, விதிப்புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, அறிவுடைய செயல். மண்ணுக்குப் பதில் எண்ணெய் வடிகாலுக்குள் போனாலும் நிலைமை மேலானதன்று. மழைநீர் வடிகால்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்தைத் தொடாமல் நேரே ஓடையில் கலப்பவை. கழிவுநீரை வீட்டுக்கருகிலேயே செரிதொட்டியில் தேக்கும் நாட்டுப்புற வீடுகளிலோ, உள்ளே நுழையும் எண்ணெய் அந்தத் தொட்டியின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். சிந்தியதைச் சோப்பு நீர் ஊற்றிக் கழுவித் தள்ளும் இயல்பான எண்ணம் எல்லாவற்றிலும் மோசம். சோப்பு எண்ணெயை நுண்துளிகளாக்கி நீரோடு கலந்துவிடுவதால் பிறகு அதை ஏடாக வாரி எடுக்கவும் முடியாது. மணல் கொட்டி உறிஞ்சவைப்பதே சரி.

இந்தப் பாதைகளையெல்லாம் முன்கூட்டியே அடைத்துவைப்பதற்கான ஏற்பாடுதான் காப்புத்தொட்டி: எண்ணெய் இருக்கும் உட்தொட்டியைச் சுற்றி, அதன் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்கக்கூடிய கசிவற்ற வெளித்தொட்டி. ‘இரட்டைத் தோல்’ என்று விற்கப்படும் தொட்டியும் இதுவும் ஒன்றல்ல. முன்னதில் சுவர் இரண்டாக இருந்தாலும் இரண்டாவது சுவர் 110 விழுக்காட்டைத் தாங்கும் என்ற உறுதியில்லை, வால்வும் வடிகட்டியும் அதற்கு வெளியே இருக்கலாம். கசிவுகளில் பல அந்த இணைப்புகளிலிருந்துதான் தொடங்குகின்றன. செங்கல்லால் கட்டிய பழைய திறந்த காப்புச் சுவர்களின் குறையோ வேறு: மழை பெய்து அவை நிரம்பிவிட்டால் எண்ணெய்க்கு இடமிருக்காது, மழைநீரை வெளியேற்ற யாரேனும் அடியில் ஒரு துளை போட்டுவிட்டால் கட்டியதே பயனற்றுப்போகும். இங்கிலாந்தின் வழிகாட்டி ஆவணம் எல்லா வீடுகளுக்கும் காப்புத்தொட்டியைக் கட்டாயமாக்கவில்லை. தொட்டி 2,500 லிட்டரைத் தாண்டினால், ஆறு, ஓடை போன்ற நீர்நிலையிலிருந்து 10 மீட்டருக்குள் இருந்தால், கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஊற்று ஆகிய குடிநீர் ஆதாரத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தால், சிந்தும் எண்ணெய் திறந்த வடிகாலையோ தளர்ந்த ஆள்நுழைகுழி மூடியையோ சென்றடையக்கூடுமானால், நிரப்புபவர் நிற்குமிடத்திலிருந்து காற்றுப்போக்குக் குழாயின் வாய் கண்ணுக்குத் தெரியாவிட்டால், அது வேண்டும் என்கிறது. இந்த நிபந்தனைகளில் கொள்ளளவைப் பற்றியது ஒன்றுதான். மற்றவை எல்லாம் நிற்கும் இடத்தைப் பற்றியவை. நிபந்தனை எதுவும் பொருந்தாத இடத்திலும் காப்புத்தொட்டியை வாங்குவதே நல்லது, ஏனெனில் விலையின் வேறுபாடு ஒரு சிறு கசிவின் செலவுக்கு முன் அற்பம்.

காப்புத்தொட்டியாலும் சமாளிக்க முடியாத ஒன்று வெள்ளம். 1,000 லிட்டர் தொட்டி முழுதும் நீரில் அமிழ்ந்தால், ஆர்க்கிமிடீசின் விதிப்படி, அது இடம்பெயர்க்கும் 1,000 கிலோ நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளும். காலியான பிளாஸ்டிக் தொட்டி 50 கிலோவைச் சுற்றியே இருக்கும் என்பதால் அது உடனே மிதந்துவிடும். எண்ணெய் நிறைந்திருந்தாலும் 800 கிலோவும் 50 கிலோவும் சேர்ந்து 850 கிலோதான் ஆகிறது, ஆக நிறைந்த தொட்டியும் மிதக்கும். மிதந்தெழும் தொட்டி தன் குழாயை முறித்துக்கொண்டு எண்ணெயை வெள்ளத்தில் கொட்டுகிறது. 2013 ஜூனில் ஜெர்மனியின் பவேரியாவில் டெகண்டார்ஃப் நகரை ஒட்டிய கரைகள் உடைந்து டான்யூப், ஈசர் ஆறுகளின் நீர் ஃபிஷர்டார்ஃப் பகுதிக்குள் புகுந்தபோது இதுவே நடந்தது. நிலவறைகளில் இருந்த வெப்ப எண்ணெய்த் தொட்டிகள் கவிழ்ந்து, எண்ணெய் நீரின்மேல் ஏறி வீட்டுச் சுவர்களின் நுண்துளைகளுக்குள் ஊறியது. வெறும் நீர் புகுந்த வீட்டை உலர்த்திவிடலாம்; எண்ணெய் ஊறிய செங்கல்லை அப்படி மீட்க இயலாததால் பல வீடுகள் இடிக்கப்பட்டன. பின்னர் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சட்டத் திருத்தம், வெள்ளப் பரப்பென அறிவிக்கப்பட்ட பகுதிகளில் புதிய எண்ணெய் வெப்ப அமைப்புகளுக்குத் தடை விதித்து, மாற்று எரிபொருள் கட்டுப்படியாகாத இடங்களில் மட்டும் வெள்ளத்தைத் தாங்கும்படி நிறுவ விலக்கு அளித்தது. ஏற்கெனவே இருப்பவற்றையும் வெள்ளத்தைத் தாங்குமாறு மாற்றக் காலக்கெடு வைத்தது. தாழ்வான நிலத்தில் தொட்டி வைத்தே ஆகவேண்டியவர்கள் அதைத் தளத்தோடு இறுகப் பிணைக்க வேண்டும். காற்றுப்போக்குக் குழாயின் வாயை வெள்ளமட்டத்துக்கு மேலே கொண்டுபோகவும் வேண்டும், இல்லாவிட்டால் அவ்வழியே புகும் நீர் எண்ணெயை அடியிலிருந்து மேலே தூக்கி வெளியேற்றிவிடும்.

எண்ணெய் நிரப்பும் வேளையிலும் வழிதல் நேரக்கூடும். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் மண்ணெண்ணெய் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு விரிவடைகிறது. குளிர்ந்த காலையில் விளிம்புவரை நிரப்பிய 1,000 லிட்டர், வெயில்பட்டு 25 பாகை சூடேறினால் 20 லிட்டருக்கும் மேலாகப் பெருகி வழியும். ஆகையால் தொட்டியில் எப்போதும் சுமார் 5 விழுக்காடு இடம் விடப்படுகிறது. எப்போது நிறுத்துவது என்பதை அறிய ஒவ்வொரு நாடும் ஒரு வழி கண்டது. அமெரிக்க நிலவறைத் தொட்டியில் லாரிக்காரர் தொட்டியைப் பார்க்கவே முடியாது. அங்கே 275 கேலன், அதாவது ஏறத்தாழ 1,040 லிட்டர் கொள்ளும் எஃகுத் தொட்டியின் காற்றுப்போக்குக் குழாயில் ஒரு சீழ்க்கை பொருத்தப்பட்டிருக்கும். எண்ணெய் உள்ளே இறங்கும்போது வெளியேறும் காற்று அதை ஊதிக்கொண்டேயிருக்கும். எண்ணெய் மட்டம் சீழ்க்கையின் அடிமுனையைத் தொட்டதும் ஒலி நின்றுவிடும், பம்பும் நிறுத்தப்படும். தொடக்கத்திலேயே ஒலி கேட்காவிட்டால் நிரப்பக் கூடாது என்பது அங்கே தொழிலின் முதல் பாடம். ஜெர்மனியில் தொட்டிக்குள் இருக்கும் உணரியை ஒரு கம்பி மூலம் லாரியோடு இணைத்த பிறகே நிரப்பத் தொடங்குவார்கள்; மட்டம் எல்லையை எட்டியதும் உணரி லாரியின் வால்வைத் தானே மூடிவிடும். லாரியின் குழாய் எட்டும் தொலைவு 30 மீட்டரை ஒட்டியது என்பதால், வீட்டின் பின்புறத்தில் வெகுதூரம் தள்ளித் தொட்டியை வைப்பதும் நல்லதன்று.

தொட்டியிலிருந்து கொதிகலனுக்குச் செல்லும் குழாயின் இடர்கள் பெரும்பாலும் உயர வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன. தொட்டி கொதிகலனைவிட மேலே இருந்தால் எண்ணெய் தன் எடையாலேயே இறங்கும், பம்பு தேவையில்லை; குழாய் எங்கேனும் முறிந்தால் தொட்டி முழுவதும் காலியாகும் வரை நிற்காமல் ஓடும் என்பதும் அதே இயற்பியல்தான். மேல்முனையிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொட்டிகளிலும், ஒருமுறை ஓட்டம் தொடங்கிவிட்டால் சைஃபன் விளைவால் இதுவே நிகழும். அதைத் துண்டிக்கத் தனி வால்வு வேண்டும். கொதிகலனுக்கருகே தீப்பிடித்தால் வெப்ப உணரியின் தூண்டுதலில் எண்ணெயை வீட்டுக்கு வெளியிலேயே தடுத்து நிறுத்தும் தீயடைப்பு வால்வும் கட்டாயம். மண்ணுக்கடியில் செல்லும் குழாயில் இணைப்புகளே இல்லாதிருப்பது நலம். நிலவறைத் தளத்தின் கான்கிரீட்டுக்குள் புதைக்கப்பட்ட செப்புக் குழாய்கள் அரித்துக் கசிந்த அனுபவத்தால், மாசசூசெட்ஸ் மாநிலம் அத்தகைய குழாய்களுக்கு உறையோ பாதுகாப்பு வால்வோ 2011க்குள் பொருத்தப்பட வேண்டும் என்று சட்டம் செய்தது.

தொட்டியை அகற்றும்போது அதனோடு தொடர்புடைய எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தோட்டத்தில் புதைக்கப்பட்டு, பின்னர் எரிவாயு வந்ததும் மறக்கப்பட்ட எஃகுத் தொட்டிகள் இன்றும் மண்ணுக்குள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. நியூஜெர்சியில் வீடு வாங்குவோர் உலோகங்காணியும் நிலத்தை ஊடுருவும் ரேடாரும் கொண்டு தோட்டத்தைச் சோதித்த பிறகே பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். நிலவறைத் தொட்டியை அறுத்து எடுத்துச் சென்றுவிட்டு, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிரப்புக் குழாயை மட்டும் விட்டுவைத்த வீடுகளும் உண்டு. அடுத்த வீட்டுக்கு அனுப்பப்பட்ட லாரி முகவரி தவறி அங்கே வந்து, அந்தக் குழாயில் ஹோஸை மாட்டி, தொட்டியே இல்லாத நிலவறைத் தரையில் நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெயை இறைத்த நிகழ்வுகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்திருக்கின்றன. தொட்டியை எடுக்க வரும் பணியாளரிடம், நிரப்புக் குழாயையும் காற்றுப்போக்குக் குழாயையும் சுவரோடு பெயர்த்தெடுத்து அந்தத் துளைகளைக் காரையால் அடைத்துவிட்டுப் போகும்படி சொல்வது வீட்டுக்காரரின் பொறுப்பு.